பசையம் இல்லாத மேல்மாவு

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மறுநாள், பினாங்குத் தீவில் பாயான் பாருவில் வாழும் நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய பேத்திக்கு ஒன்பது வயது. ஈராண்டுகளுக்கு முன் அக்குழந்தைக்குச் சீலியாக் நோய் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்து, கோதுமை என்பதே வாயிற் படலாகாது என்று விலக்கிவிட்டனர். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் அடுத்த வீட்டு அம்மையார் சோமாசித் தட்டோடு உள்ளே வந்தார். நண்பரின் துணைவியாரிடம், “அக்கா, பாப்பாவுக்குக் கோதுமை மாவு ஆகாதுன்னு சொன்னீங்களே, அதான் அதைத் தொடவே இல்லை. மேல்மாவுகூட முழுக்க ரவையிலேயே பிசைஞ்சேன்” என்றார். குழந்தை தட்டையும் பாட்டியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

அந்த அம்மையாரின் அன்பில் ஒரு குறையும் இல்லை. ரவையை ஊறவைத்து இடித்துப் பிசைவது எளிய வேலையும் அன்று. குறை, சொல்லில் இருந்தது. ரவை என்பது கோதுமையின் குருணையே. கோதுமையை உடைத்தால் ரவை. தவிடும் முளையும் நீக்கி நுண்ணிதாக அரைத்துச் சலித்தால் மைதா. முழுமணியையும் அரைத்தால் ஆட்டா. பிசைந்து இழையாக்கி உலர்த்தினால் சேமியா. நான்கும் ஒரு தாய் மக்கள். ஆயின் நான்கு பெயர்களில் ஒன்றிலேனும் தாயின் பெயர் இல்லை. அரிசியின் நிலை இவ்வாறன்று. அரிசிமாவு, அரிசிக்குருணை, அரிசிப்பொரி என எதனை எடுத்தாலும் அரிசி முன்னே நின்று தன்னை அறிவித்துக்கொள்ளும். நம் நிலத்து விளைபொருளாதலின் நாமே பெயரிட்டோம். கோதுமைப் பண்டங்களோ வடபுலத்திலிருந்து பெயரோடு வந்தவை. வந்த பெயரோடே அடுக்களையில் அமர்ந்துவிட்டன.

இதிலும் நாட்டுக்கு நாடு ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் ‘கோதுமை மாவு’ என்றால் சப்பாத்திக்குரிய முழுமாவு. வெள்ளை மாவு ‘மைதா’ எனத் தனியே நிற்கும். மலேசியாவில் நாம் வெள்ளை மாவையே பெரும்பாலும் ‘கோதுமை மாவு’ என்கிறோம். முழுமாவு ‘ஆட்டா’ எனப் பிரிந்து நிற்கிறது. எனவே அங்கே மைதா கோதுமையன்று என்று மயங்குவோர் உண்டு. இங்கே ஆட்டா கோதுமையன்று என்று மயங்குவோர் உண்டு. ரவையைப் பொறுத்தவரை இரு கரையாரும் ஒருங்கே மயங்குகின்றனர். நோயாளிக் குழந்தையின் பொருட்டு ஒரு தமிழாசிரியர் முதலில் செய்யத்தக்க உதவி, இந்த நான்கு பெயர்களையும் கரும்பலகையில் எழுதி, நான்குக்கும் நேரே ‘கோதுமை’ என்று எழுதுவதுதான் என எனக்குத் தோன்றுகிறது.

பண்டிகைப் பலகாரங்களில் உள்ளீடு வைத்து மூடுவன ஒரு தனி வகை. கொழுக்கட்டை, சோமாசி, சொஜ்ஜியப்பம், இந்நாட்டில் நாமும் கற்றுக்கொண்ட அன்னாசித் தார்ட் ஆகியன அவ்வகையின. இவற்றின் பூரணம் பெரும்பாலும் தீங்கற்றது. தேங்காய், வெல்லம், கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், அன்னாசி ஆகிய எவற்றிலும் கோதுமைக்கு இடமில்லை. சொஜ்ஜியப்பம் ஒன்றே உள்ளும் புறமும் கோதுமையாக நிற்பது. அதனை இக்கட்டுரையில் விட்டுவிடுகிறேன். ஏனையவற்றில் இடர் முழுவதும் மேல்மாவில்தான். அந்த மேல்மாவைக் கோதுமையின்றி அமைப்பது எப்படி என்பதே நாம் இங்குக் காண வேண்டுவது. அதற்குக் கோதுமை அங்கே என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இத்தாலியில் பொலோனா நகரத்துப் பேரறிஞர் பெக்காரி என்பார் 1728-இல் ஓர் எளிய சோதனையை எடுத்துரைத்தார். அது 1745-இல் அச்சேறியது. பிசைந்த கோதுமை மாவை நீரில் இட்டுக் கசக்கிக் கழுவினார். வெண்மையான மாச்சத்து நீரோடு போயிற்று. கையில் எஞ்சியது இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஒரு பிசின். அதுவே குளூட்டன். இச்சோதனையை எந்தப் பள்ளியிலும் கால்மணி நேரத்திற் செய்து காட்டலாம். ஒரு மாணவனிடம் மைதா உருண்டையையும் மற்றொருவனிடம் அரிசிமாவு உருண்டையையும் கொடுத்து, ஒரு வட்டில் நீரில் கழுவச் சொல்லுங்கள். முதல்வன் கையில் ரப்பர் போன்ற ஒன்று எஞ்சும். இரண்டாமவன் கையில் ஒன்றும் எஞ்சாது; மாவெல்லாம் நீரோடு போய்விடும்.

அந்தப் பிசின் இருவகைப் புரதங்களின் கூட்டு. கிளையடின் என்பது நெகிழ்ச்சியையும், குளூட்டெனின் என்பது விறைப்பையும் தருகின்றன. நீர்விட்டுப் பிசையப் பிசைய இரண்டும் பின்னி வலைபோல் ஆகின்றன. சோமாசி மாவைத் தாள்போல் தேய்க்க முடிவதும், விளிம்பைக் கயிறுபோல் முறுக்கி மடிக்க முடிவதும், ரொட்டி சானாய் கடைக்காரர் மாவைக் காற்றில் வீசி விரிக்க முடிவதும் இவ்வலையின் வலிமையால்தான். அரிசியிலும் புரதம் உண்டு. ஆனால் அது வலை பின்னுவதில்லை. எனவே தண்ணீர்விட்டுப் பிசைந்த பச்சரிசி மாவைத் தேய்க்கத் தொடங்கினால் அது பிளந்து உதிர்கிறது.

இந்த வலையே சிலருக்கு நஞ்சாகிறது. சீலியாக் நோயுடையவர் குளூட்டனை உண்டால், உடலின் காப்புப்படை தன் சிறுகுடலையே பகையென்று கருதித் தாக்குகிறது. உணவை உறிஞ்சுவதற்கென்று குடலின் உட்சுவரில் அமைந்துள்ள நுண்ணிய விரல் போன்ற முளைகள் தேய்ந்து மழுங்குகின்றன. உண்டும் உடம்பு தேறாமை, வயிற்றுப்போக்கு, இரத்தச்சோகை, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குன்றல் ஆகியன தொடர்கின்றன. பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் உள்ள புரதங்களும் இதே தீங்கைச் செய்வன. மருந்து இல்லை, விலக்கே மருந்து. அதுவும் வாழ்நாள் முழுவதும்.

கோதுமையே காரணம் என்பதைக் கண்டவர் வில்லெம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். 1930-களிலேயே ஹேக் நகர மருத்துவமனையில் கோதுமையை நீக்கிய உணவை அவர் ஆராய்ந்து வந்தார். 1944-45 பனிக்காலத்தில் நெதர்லாந்தில் கொடும் பஞ்சம் வந்தது, ரொட்டி அரிதாயிற்று. ஊரெல்லாம் மெலிய, இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் அவர் தம் முடிவுகளை நிலைநாட்டினார். அந்தப் பனிக்காலத்தில் பினாங்கும் பட்டினியில்தான் கிடந்தது. சப்பானியர் ஆட்சியில் அரிசியும் அரிதாகி, மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்த தலைமுறை நம் முன்னோர் தலைமுறை. அக்கிழங்கின் மாவு பின்னர் நமக்கு வேறு வகையில் உதவப்போவதைக் காண்போம்.

இது வெள்ளையர் நோய், அரிசி உண்ணும் நமக்கு வராது என்பார் உளர். முழுப் பொய் என்று இதனைத் தள்ளவும் இயலாது. மெய்யென்று கொள்ளவும் இயலாது. இந்தியாவில் 2016-இல் வெளிவந்த ஒரு பேராய்வில், இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் குருதியில் காணப்பட்டவர் வடபகுதியில் நூற்றுக்கு 1.23, வடகிழக்கில் 0.87, தென்பகுதியில் 0.10 என்ற அளவில் இருந்தனர். மலேசியாவில் 2015-இல் வெளிவந்த ஆய்வில், நலமுடன் இருந்த 562 இளைஞரைச் சோதித்ததில் நூற்றுக்கு 1.25 பேரிடம் அவை காணப்பட்டன. மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. ஆயினும் காலையில் ரொட்டி சானாய், மதியம் மீ, மாலையில் கரிப்பாப் என்று நாம் உண்ணும் கோதுமை சிறிதன்று. ஓர் எச்சரிக்கையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். ஐயம் இருப்பவர் தாமே கோதுமையை நிறுத்திவிட்டுப் பின்னர்ச் சோதனைக்குச் செல்லக்கூடாது. கோதுமை உண்டுவரும் காலத்தில்தான் குருதிச் சோதனை உண்மையைக் காட்டும்.

இனி, தமிழாசிரியர்க்கு உரிய ஒரு சிக்கல். குளூட்டனைத் தமிழில் என்ன சொல்வது? ‘பசையம்’ என்ற சொல் வழக்கில் வந்திருக்கிறது. மூலச்சொல் இலத்தீன் மொழியில் பசையைக் குறிப்பதே ஆகலின், ஆக்கம் பொருத்தமானது. ஆனால் அச்சகத்தார் ஓர் ஒற்றை மிகுத்துவிட்டால் ‘பச்சையம்’ ஆகி, இலையின் பசுமைப் பொருளைக் குறிக்கத் தொடங்கிவிடும். ‘பச்சையம் இல்லாத மாவு’ என்று ஒரு பொதியுறையில் எழுதிவைத்தால், படிப்பவர் நகைப்பாரே அன்றி எச்சரிக்கை கொள்ளார். ஒரு சகர ஒற்றில் இருக்கிறது வேறுபாடு.

இதனினும் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. பசையுடையதெல்லாம் பசையம் என்று எண்ணிவிடுவது. மலாய் மொழியில் புளூட் எனப்படும் ஒட்டரிசி, வெந்தால் கையோடு ஒட்டும். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரும் குளூட்டன் என்னும் சொல்லோடு உறவுடையது. குளூட்டன், புளூட் என்று தமிழில் எழுதினால் எதுகைபோல் ஒலிக்கவும் செய்கின்றன. என் நண்பர் வீட்டிலேயே தொடக்கத்தில் ஓராண்டு, குழந்தைக்குப் புளூட் அரிசிப் பண்டங்களை அஞ்சி விலக்கியிருந்தனர். உண்மையில் ஒட்டரிசியில் பசையம் அணுவளவும் இல்லை. அதன் ஒட்டுதல் மாச்சத்தின் இயல்பால் வருவது, புரதத்தால் வருவதன்று.

இதற்கு மறுதலையும் உண்டு. அதுதான் மிகத் தீயது. இலங்கையில், குறிப்பாக யாழ்ப்பாணத்துச் சமையலில், கோதுமை மாவைத் துணியிற் கட்டி ஆவியில் அவித்து, உதிர்த்து, சலித்து, அந்த மாவில் பிட்டும் இடியப்பமும் செய்யும் வழக்கம் பரவியுள்ளது. அவித்த கோதுமை மா பிசைந்தால் இழுபடாது, அரிசிமாவைப்போலவே உதிரும். வெப்பத்தால் புரதம் வலை பின்னும் ஆற்றலை இழந்துவிடுவதே காரணம். ஆற்றல் போயிற்றே அன்றிப் புரதம் போகவில்லை, தீங்கும் போகவில்லை. கண்ணாலும் கையாலும் அறிய முடியாதபடி அரிசிமாவு வேடத்தில் இருக்கும் கோதுமை அது. ஆகவே விருந்து வீட்டில் பிட்டு என்றால் அரிசிதானே என்று குழந்தைக்கு ஊட்டிவிடலாகாது. எந்த மா என்று கேட்டறிதல் வேண்டும்.

பினாங்கில் இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமையும் விரதநாளும் சைவம் உண்ணும் நம்மவர் பலர், சீனச் சைவக் கடைகளுக்குச் செல்வர். ‘சைவ இறைச்சி’, ‘சைவ வாத்து’ என அங்கே கிடைப்பனவற்றுள் பல, பெக்காரி கழுவி எடுத்த அந்தப் பிசினையே வேகவைத்துப் பக்குவம் செய்தவை. தூய பசையம் என்றே சொல்லிவிடலாம்.

மேல்மாவுக்கு வருவோம். கோதுமையில்லாத மேல்மாவு நமக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சியில் இரவுநேர மதுரைத் தெருக்களில் பண்டம் விற்போரைக் கூறும் பகுதியில் மோதகம் வருகிறது. அது உள்ளீட்டோடு பிடித்தது என்ற குறிப்பும் உடன் வருகிறது. உள்ளீட்டுக்கு ஆங்குள்ள சொல் ‘கவவு’ என்பது. அகத்திடுதல், தழுவுதல் என்னும் பொருளுடையது அச்சொல். பூரணத்தை மேல்மாவு தழுவி நிற்பதை இதனினும் அழகாகச் சொல்லிவிட முடியாது. பிள்ளையார் சதுர்த்திக்கு நாம் செய்யும் கொழுக்கட்டை அந்த மரபின் தொடர்ச்சி.

வலை பின்னாத அரிசிமாவு எவ்வாறு தழுவி நிற்கிறது? நம் பாட்டிமார் விடையைச் சொல்லவில்லை, செய்து காட்டினர். மாவில் தண்ணீர் ஊற்றாமல் கொதிநீர் ஊற்றினர். அரிசியின் மாச்சத்து நுண்ணிய மணிகளாக இருப்பது. ஏறக்குறைய 70 பாகை வெப்பத்தில் அம்மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து, உடைந்து, கூழாகின்றன. அக்கூழ், வேகாது எஞ்சிய மாவையெல்லாம் பிணைத்துக்கொள்கிறது. கோதுமையில் புரதம் செய்யும் வேலையை இங்கே பாதி வெந்த மாச்சத்து செய்கிறது. கொழுக்கட்டையின் கலை முழுவதும் இந்தப் பாதி வேக்காட்டில்தான் அடங்கியிருக்கிறது.

பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துக. கையால் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும்; ஆனால் கையில் நீர் ஒட்டலாகாது. அந்தப் பதத்தில் அரைத்து நுண்சல்லடையில் சலித்துக்கொள்க. ஒரு குவளை மாவுக்கு ஒன்றேகால் குவளை தண்ணீர் போதும். கடையில் வாங்கிய உலர்ந்த மாவாயின் ஒன்றரைக் குவளை வரை கேட்கும். நீரில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் இட்டு, நன்றாகக் கொதித்ததும் அடுப்பைத் தணித்து, மாவைத் தூவிக்கொண்டே அகப்பைக் காம்பால் கிளறுக. ஒன்றுதிரண்டதும் இறக்கி மூடிவைத்து, கைபொறுக்கும் சூட்டில் எண்ணெய் தொட்டுப் பிசைக. ஆறிய பிறகு பிசைந்தால் பயனில்லை. பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடியே வைத்திருத்தல் வேண்டும். மேற்பரப்பு காய்ந்த மாவில்தான் வெடிப்பு தோன்றுகிறது. எலுமிச்சை அளவு உருட்டி, கட்டைவிரலை நடுவிலிட்டுச் சுற்றிச்சுற்றிச் சொப்புச் செய்து, பூரணம் வைத்துக் கூப்பி, பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால் போதும். கூடுதலாக வேகவைப்பின் தோல் பிளக்கும்.

காலையில் மெல்லென்று இருந்த கொழுக்கட்டை மாலையில் கல்லாவதேன் என்று பலர் வினவுகின்றனர். மாச்சத்தில் இரு கூறுகள் உள. அமைலோஸ் என்பது நேரிய இழை. ஆறியதும் இழைகள் நெருங்கி இறுகிவிடும். அமைலோபெக்டின் என்பது கிளைத்த இழை, எளிதில் நெருங்காது. பச்சரிசியில் முன்னது கணிசமாக உண்டு. புளூட்டில் அது ஏறக்குறைய இல்லை. ஆகவே ஐந்து பங்கு பச்சரிசி மாவுக்கு ஒரு பங்கு புளூட் மாவு சேர்த்துக் கிளறினால், மேல்மாவு நெடுநேரம் மெத்தென்று இருக்கும்; சொப்பு செய்கையில் விரிசலும் குறையும். ஒரு பங்குக்கு மேற்போனால் வடிவம் நில்லாது சரியும்.

புளூட் மாவு பாயான் பாருச் சந்தையிலும் மளிகைக் கடைகளிலும் அரிசிமாவுக்கு அருகிலேயே கிடைப்பது. தமிழ்நாட்டில் அரிதாகத் தேட வேண்டிய பொருள் நமக்கு இங்கே கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், கொழுக்கட்டைக்கு இத்தீவில் உடன்பிறந்தார் பலர். மலாய்க்காரரின் கோச்சி என்னும் பண்டம், புளூட் மாவுக்குள் தேங்காயும் பனைவெல்லமும் வைத்து வாழையிலையில் மடித்து அவிப்பது; நம் இலைக்கொழுக்கட்டையை அறிந்தவர்க்கு அறிமுகம் வேண்டாத முகம். சீனர் வீட்டில் குழந்தை பிறந்து ஒரு திங்கள் நிறையும்போது வழங்கும் சிவந்த ஆங்கூ, புளூட் மாவுக்குள் பயற்றம்பருப்பு இனிப்பை வைத்து ஆமை ஓட்டு வடிவ அச்சில் அழுத்தி அவிப்பது. மூவினத்தாரும் கோதுமையின்றியே மூடத் தெரிந்தவர்கள். கடையில் வாங்கும்போது மட்டும் வேறு மாவு கலந்துள்ளதா என்று கேட்டு வாங்குதல் நலம்.

சோமாசிதான் உண்மையான தேர்வு. அவிப்பதற்கு ஏற்ற மேல்மாவு பொரிப்பதற்கு ஏற்காது. கொழுக்கட்டை மாவையே மெல்லிதாகத் தேய்த்துச் சோமாசியாக்கி எண்ணெயில் இட்டவர்கள், அது எண்ணெயிலேயே வாய்பிளப்பதைக் கண்டிருப்பர். நண்பரின் துணைவியார் மூன்று முறை தோற்று நான்காம் முறை வென்ற அளவைத் தருகிறேன். அரிசிமாவு ஒரு குவளை, புளூட் மாவு அரைக் குவளை, மரவள்ளி மாவு அரைக் குவளை, இசப்கோல் உமி இரண்டு தேக்கரண்டி, உருக்கிய நெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்புச் சிறிது. மாவுகளோடு உமியைக் கலந்து, நெய்யை விட்டு விரல்நுனியால் தேய்த்து, கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைய வேண்டும். ஏறக்குறைய ஒரு குவளை நீர் செல்லும். பின்னர் அரைமணி நேரம் மூடி வைத்தல் இன்றியமையாதது. மலச்சிக்கலுக்கு மருந்தாக நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் அந்த இசப்கோல் உமி, நீரை உறிஞ்சிக் குழைந்து, பசையத்தின் வலைக்கு ஈடாக ஒரு வலையைத் தருகிறது. கோதுமையின் வலைக்கு இது நிகராகாது. ஆயினும் தேய்க்கவும் மடிக்கவும் போதும்.

இம்மாவைத் தட்டையாகத் தேய்க்கும்போது கட்டையில் ஒட்டும். இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையில் வைத்துத் தேய்த்தால் தொல்லையில்லை. பூரணம் ஈரமின்றி இருத்தல் வேண்டும்: பொட்டுக்கடலை மாவு, சர்க்கரை, ஏலம், வறுத்து உலர்ந்த தேங்காய்த்துருவல். பிறைபோல் மடித்து விளிம்பை அழுத்துகையில் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிடுக. கொதிநீரில் பிசைந்த மாவு ஈரமுள்ளது. காற்றும் ஈரமும் அடைபட்டால் சீடை வெடிப்பதுபோல் வெடித்து எண்ணெயைத் தெறிக்கும். ஊசியால் இரண்டு இடத்தில் குத்திவிட்டு, கால்மணி நேரம் மேற்பரப்பை உலரவிட்டு, மிதமான சூட்டில் பொரித்தல் பாதுகாப்பானது. குழந்தைகளை அடுப்பருகே விடலாகாது. கயிறுபோல் முறுக்கிய விளிம்பை மட்டும் இதில் எதிர்பார்க்க வேண்டா. சோமாசிக் கரண்டியால் வெட்டிய விளிம்போடு மனநிறைவு கொள்ள வேண்டியதுதான். சுவையில் இது மைதாச் சோமாசியைவிடக் கரகரப்பானது என்பது என் கருத்து; நண்பர் இதனை ஒப்பவில்லை.

அன்னாசித் தார்ட் எளிது. சீனப் புத்தாண்டுக்குரிய பண்டம் அது. ஹொக்கியன் மொழியில் அன்னாசியின் பெயரான ‘ஓங் லாய்’, செல்வம் வருக என்னும் வாழ்த்தாகவும் ஒலிப்பதால் அப்பண்டிகைக்கு அது சிறப்பு. இந்நாட்டுத் தமிழர் இல்லங்களில் தீபாவளித் தட்டிலும் அது ஏறிவிட்டது. அதன் மேல்மாவு வாயில் இட்டதும் உதிர வேண்டும்; உதிர வேண்டிய இடத்தில் வலை எதற்கு? கோதுமை மாவில் செய்வோரே வலை பின்னாமல் தடுப்பதற்காகத்தான் மாவை வெண்ணெயில் தோய்த்து, மிகுதியாகப் பிசையாமல் விடுகின்றனர். ஆகவே அரிசிமாவு இரண்டு பங்கும் சோளமாவு ஒரு பங்கும் கலந்து, குளிர்ந்த வெண்ணெய் மாவின் எடையில் பாதியளவு சேர்த்து உதிர்த்து, முட்டையின் மஞ்சட்கருவால் திரட்டி, அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால் மேல்மாவு ஆயத்தம். நம் ஊர் வெப்பத்தில் குளிர்விக்காமல் உருட்டினால் வெண்ணெய் உருகி வழியும். 170 பாகைச் சூட்டில் இருபது நிமிடம் வேகட்டும். சூட்டோடு தட்டிலிருந்து எடுத்தால் உடையும், ஆறவிட்டு எடுக்க.

மாவு சரியாக இருந்தும் பண்டம் கெடுவதற்கு வழிகள் உள. கடையில் விற்கும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். முறுக்கிலும் தட்டையிலும் நோய் நுழையும் வாயில் அதுவே. சோயா நீர்மத்திலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. பார்லித் தண்ணீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று விருந்தினர்க்குக் கொடுப்போம், அதுவும் விலக்கு. கோதுமை அரைத்த ஆலையில் அடுத்து அரைத்த அரிசிமாவும் ஐயத்திற்குரியது. பசையம் அற்றது என்று பொறிக்க உலக உணவு நெறிமுறை வகுத்த வரம்பு, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். மூட்டையில் ஒட்டிய தூசியே அவ்வரம்பைக் கடத்திவிடும். மலேசிய உணவுச் சட்டம் பசையமுள்ள தானியங்களை உறையில் குறிப்பிட வேண்டும் என்கிறது. ஆகவே எழுத்துக்களைப் படித்தல் வேண்டும். மலாயில் ‘கண்டும்’ என்று இருந்தால் கோதுமை. பாரசீகத்திலிருந்து வந்த அச்சொல் நம் கோதுமைக்கு உறவான வடமொழிச் சொல்லோடு ஒரே குடியினது என்பர். ‘தெப்போங் பெராஸ்’ அரிசிமாவு, ‘தெப்போங் ஊபி காயு’ மரவள்ளி மாவு, ‘தெப்போங் புளூட்’ நாம் அறிந்ததே. ‘தெப்போங்’ என்று மட்டும் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னால் அது கோதுமையாகவே இருக்கக்கூடும். எந்தத் தெப்போங் என்று மறுபடியும் கேட்க.

அன்று அந்தத் தட்டு என்னவாயிற்று என்பதைச் சொல்லவில்லையே! நண்பரின் துணைவியார் வந்தவர் மனம் நோகாதபடி உட்காரவைத்து, ரவை இன்னது என்று விளக்கினார். அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “போன வருசம் ரவா லட்டு குடுத்தேனே அக்கா, அதையும் பாப்பா சாப்பிட்டுச்சா?” என்று கேட்டார். சாப்பிட்டிருந்தது. நான்கு நாள் படுத்தும் இருந்தது. அதனை இருவரும் அவரிடம் சொல்லவில்லை.

இவ்வாண்டு இரு வீட்டாரும் ஒரே அடுக்களையில் சோமாசி செய்வதாகத் திட்டம். மரப்பலகையும் மரக்கட்டையும் பழைய மாவை விடாது பிடித்திருக்குமாதலால் அரிசிமாவுக்கெனப் புதியன வாங்கியாயிற்று. புதிய எண்ணெயில் முதல் ஈடு குழந்தையுடையது. அதனை எடுத்து மூடித் தனியே வைத்த பிறகே மைதாவின் உறை பிரிக்கப்படும்.